மூக்குத்தி கழட்டுன கதை

தீபன் அப்பாவுக்கு விமலா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலையா? போன்ல சொன்னா ஸ்பீக்கர்ல போட்டு ஆயர் தாவார் ஊருக்கே கேக்க வைப்பீங்க லா, அதான் கடுதாசி.

இங்க ஈப்போ முதியோர் இல்லத்துல ரெண்டு பேருக்குக் கொப்புளம் வந்துச்சு. அதுல ஒரு சீனக் கிழவி பிஸ்கட்டத் தலகாணிக்குள்ள ஒளிச்சு வைக்கும். எறும்புக் கடின்னுதான் நெனச்சோம். டாக்டரம்மா வந்து வேலக்காரங்க மூக்குல எல்லாம் பஞ்சுக் குச்சி விட்டுப் பாத்தாங்க. என் மூக்குல அந்தக் கொப்புளக் கிருமி இருக்காம்.

"அக்கா, குளிக்கிறதே இல்லையா?"ன்னு கூட வேல செய்ற கலாதேவி சிரிச்சா.

"அழுக்குனால இல்ல, நெறைய பேருக்குச் சும்மாவே இருக்கும்"னாங்க டாக்டரம்மா. அப்புறம் தனியாக் கூப்பிட்டு, "மாசாமாசம் வருதா ஆன்ட்டி?"ன்னாங்க. தீபாவளியோட நின்னுருச்சுன்னேன். பொம்பளைங்க ஒடம்புல ஹார்மோன்னு ஒன்னு ஊறுதாம். அது மாறுனா மூக்குக் கிருமியும் மாறலாமாம். உறுதியாத் தெரியலையாம், இன்னும் ஆராய்ச்சி பண்றாங்களாம். பாத்தீங்களா, உங்களுக்குச் சொல்லாதது என் மூக்குக்குத் தெரிஞ்சிருக்கு!

வேல போகாது, பயப்படாதீங்க. மூக்குல மருந்து தடவி முடியுற வரைக்கும் துணி தொவைக்கிற பக்கம் போட்டிருக்காங்க. மூக்குத்தியத்தான் கழட்ட வச்சுட்டாங்க. வேப்பங்குச்சி சீவிக் குடுத்து அனுப்புங்க, மருந்து முடிஞ்சதும் ஓட்டை தூந்துறாம சொருகிக்கிறேன். இல்லன்னா நீங்களே பஸ் ஏறி வந்து மூக்குத்தியத் திரும்ப மாட்டி விடுங்களேன். கல்யாணத்துலேர்ந்து அந்தத் திருகாணிய முறுக்குனது நீங்கதான். எனக்குக் கை வரமாட்டேங்குது.

மெஷின் நின்னுருச்சு, துணி எடுக்கணும். வாரேன்.

விமலா