ஆவிகளுக்குப் போட்ட படம்

வருணிக்கு,

பாங்காக்கில் என் சிறந்த ஏழு படங்களுக்கு விழா எடுத்தார்கள். அமைச்சர் இரண்டாவது படம்வரை விழித்திருந்தார்.

வேண்டுதல் பலித்தவர்கள் காலி நாற்காலிகளைப் போட்டு ஆவிகளுக்குப் படம் காட்டுவார்களே, நம் கோயில் மைதானத்தில், அங்கேதான் நேற்று மாலை அந்த ஏழில் ஒன்றைத் திரையிட்டேன்.

படம் ஓட்டும் தொங்சாய் கேட்டான்: "வேண்டுதல் பலிச்சுதா அண்ணே?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்குப் படம்? அதுவும் உங்க படம்! சண்டைப் படம்னாத்தான் ஆவிங்களே உக்காரும்."

நம் மகளும் என் படங்களில் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள்: "குணமானா ஒண்ணை முழுசாப் பாக்கறேன்பா, சத்தியமா."

குணமாகவில்லை. ஆகவே அவளுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவள் சால்வையைப் போட்டுவைத்தேன்.

படம் முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா