அழித்த குறிப்பு

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

புது ஊரில் இருவரும் நலமா? அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. லிஃப்டை இயக்கும் சி மொழி நிரலை இப்போது நான் ஒருவனே பார்க்கிறேன். அக்கா என் போனை எடுப்பதில்லை. கடைசியாகக் கேட்டது, "அவரைக் குத்தம் சொன்னப்ப நீ வாயைத் தைச்சா வச்சிருந்தே?" என்றுதான்.

உங்கள் மைத்துனன்

மார்ச் 11

அன்பு மச்சானுக்கு,

உன் அக்காவின் கோபத்தை இத்தனை வருடம் தனியாகத் தின்றேன்; நீயும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்.

நான் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். லிஃப்டுக்குள் நான்கு மணி நேரம் சிக்கிய அந்தக் கர்ப்பிணி நலமா? உன் நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஒன்று கேட்கவா? உன் நிரலில் பிழையான அந்த வரிக்கு எதிரே ஒரு குறிப்பு எழுதினேன் என்றே ஞாபகம். விசாரணையில் கோப்பைத் திறந்தபோது அது இல்லை. எனக்குத்தான் புத்தி தடுமாறுகிறதா?

அத்தான்

மார்ச் 19

அத்தான்,

நீங்கள் எழுதினீர்கள். "கூட்டிய பிறகு எண் அளவு மீறி வழிந்ததா என்று பார்க்காதே, கூட்டும் முன்பே பார். இந்த வகை எண் வழியாது என்று நம்பிக்கொள்ள, சி மொழியின் தரநிலை, நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு அனுமதி தருகிறது. உன் சோதனையையே அது நீக்கிவிடும்."

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!" என்று சிரித்தேன். பிறகு, "மாத்திட்டேன் அத்தான்" என்று பொய் சொன்னேன். நம்பி ஒப்புதல் தந்தீர்கள். லிஃப்டுக்குப் போன பதிப்பில் கம்பைலர் அந்தச் சோதனையை நீக்கியிருந்தது; எண் வழிந்து லிஃப்ட் நடுவில் நின்றது. விசாரணை அன்று காலை உங்கள் குறிப்பை நான் அழித்தேன்.

கூசுகிறது அத்தான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இருவரும் நலம். பார்க்கப் போய், வாசலோடு திரும்பிவிட்டேன். இதையெல்லாம் இன்று அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மைத்துனன்

ஏப்ரல் 2

மச்சானுக்கு,

அலுவலகத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன்.

உன் கடிதத்தை அக்கா படித்தாள். மடித்துக் கொடுத்தாள்.

ஆறு மாதமாகக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பார்க்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நேற்று ஒரு தடவைதான் பார்த்தேன். அதற்கு உனக்கு நன்றி.

கொஞ்ச நாள் எழுதாதே.

அத்தான்