நடக்கிற சொத்து

இன்று காலை புண்ணாக்கு மூட்டையைப் பிரித்ததும் உன் நினைவுதான் வந்தது. கணக்கு வகுப்புக்கு ஹட்டன் பஸ்ஸில் போய்வரும்போது இப்படியொரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவாய். பக்கத்தில் உட்கார எனக்குத்தான் வெட்கம். உனக்கு அதெல்லாம் கிடையாது.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கான வகுப்பு அது. நாம் கூட்டாக ஒரு மாடு வளர்த்தோம். மாடு கடைக்கார நானாவுடையது. பாலில் பாதி நமக்கு, முதல் கன்று முழுவதும் நமக்கு என்று பேச்சு.

நடைமுறைச் சொத்து, நிலையான சொத்து என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார் மிஸ். நீ மாட்டையும் கன்றையும் நடைமுறையில் எழுதினாய். குடியிருந்த லயத்துக் காம்பராவை நிலையானதில். உன்னைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன். இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

"மாட்ட ஏன் நடைமுறையில போட்டீங்க?"

"அது நடக்குதுங்களே மிஸ். காம்பரா எங்கயும் போகாது."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டுத்தான் விளக்கினார். நடப்பதும் நிற்பதும் பேச்சில்லையாம். ஒரு வருஷத்துக்குள் விற்றுக் காசாக்கப்போவது நடைமுறைச் சொத்து. பல வருஷம் வைத்துப் பயன்படுத்தப்போவது நிலையான சொத்து. கறவை மாடு நிலையானது, விற்க வளர்க்கிற கன்று நடைமுறை. பிறகு, "மாடும் காம்பராவும் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

மாடு நானாவுடையது, காம்பரா தேயிலைத் தோட்டத்துடையது. நீ இரண்டையும் பேனாவால் அடித்தாய். கன்று மட்டும் மிஞ்சியது.

அடுத்த மாதம் ராகலை மாட்டு வியாபாரி அந்தக் கிடாரிக் கன்றுக்கு நல்ல விலை சொன்னார். கொட்டிலுக்குத் தகரம் வாங்க வேண்டியிருந்ததால் எனக்கு விற்க ஆசை. நீ குறுக்கே வந்து நின்றாய்.

"இது விக்கிறதுக்கு இல்லீங்க," என்றாய் அவரிடம். என் பக்கம் திரும்பி, "நம்ம பேர்ல ஒன்னாவது நெலையா இருக்கட்டும் புள்ள," என்றாய்.

ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு என் கணக்குக் கொப்பியைப் பிரித்தால், கன்றை நடைமுறையில் அடித்து, நிலையானதில் எழுதி, நம் இருவர் பெயரையும் போட்டிருந்தாய். என் பெயர்தான் முதலில். அதற்கப்புறம் எப்படிக் கோபத்தைப் பிடித்து வைப்பது?

அது வளர்ந்து கன்று போட்டது. அந்தச் சீம்பாலைக் காய்ச்சி, சீனி போட்டுத் தின்றுவிட்டுத்தான் நீ கண்ணை மூடினாய். அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம். இப்போது கொட்டிலில் நாலு மாடு நிற்கிறது, நாலும் அதன் வழி வந்தவை.

போன வாரம் உன் பங்கை உன் மகள் பெயருக்கு மாற்றலாம் என்று கொப்பியை எடுத்தேன். உன் பெயர் மேல் பேனாவை வைத்தேன், அடிக்க மனம் வரவில்லை.

"அம்மா பேரு இருக்கட்டும் சித்தி. கீழ எழுதுங்க," என்றாள் அவள்.

எழுதினேன். நிலையான சொத்துப் பக்கத்தில் இப்போது நாம் மூன்று பேர்.