மக்கிய வைக்கோலில் உன் கத்திரி

என் வசந்தாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: உன் கத்திரி பிழைத்துவிட்டது. அதற்குள் நான் அடித்த கூத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய்.

போன வருடம், மழையில் நனைந்து மாடு முகர்ந்துகூடப் பார்க்காத ஆறு வைக்கோல் கட்டுகளைக் கொல்லையில் வரிசையாகப் போட்டு, அதன் மேலேயே கத்திரி நட்டாயே. ஐப்பசி மழையில் நம் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும், உயரத்தில் இருந்தால் வேர் அழுகாது என்றாய். நான் கேட்டேனா? “எங்க வீட்டுல வைக்கோல்ல வெள்ளாமை நடக்குது” என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தேன். பிறகு அந்தக் கத்திரிக்காய்க் கொத்சை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனும் நான்தான்.

நீ போன பிறகு கொல்லைப் பக்கமே போகவில்லை. ஆடியில் ஒருநாள் எட்டிப் பார்த்தால், கட்டெல்லாம் சரிந்து கிடக்கிறது. பார்க்கப் பொறுக்காமல் கொளுத்திவிடத் தீப்பெட்டியை எடுத்தேன். லீவுக்கு வந்திருந்த நம் மகள் தேன்மொழி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது மக்குனதும் பாத்திக்குப் போடணும்னு அம்மா சொன்னாங்கப்பா. உள்ள கிளறிப் பாருங்க.”

கிளறினேன். கறுப்பாக, பொலபொலவென்று மண். நெளிய நெளிய மண்புழு. இத்தனை வருடம் வயலில் கிடந்தவன், நம் களிமண்ணில் அப்படி ஒரு பதத்தைப் பார்த்ததில்லை. உன் காரியத்தன்றுகூட அழாதவன் அங்கே உட்கார்ந்து அழுதேன்.

பழைய செங்கல்லை முழங்கால் உயரம் அடுக்கி மூன்று பாத்தி கட்டினோம். உள்ளே மக்கிய வைக்கோலும் சாணி எருவும். நீ சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதை அவ்வளவையும் தூவினேன். உன் கையால் எடுத்த விதை அதுதான் கடைசி. ஈரம் காயாமலிருக்க, குறுவை அறுத்த புது வைக்கோலை மேலே பரப்பியது மட்டும் என் சொந்த மூளை.

ஒரே வாரத்தில் பாத்தி பச்சென்று ஆகிவிட்டது. பார்த்தால் அத்தனையும் நெல்! மிஷின் அறுத்த வைக்கோலில் தங்கிய மணியெல்லாம் முளைத்துவிட்டது. உன் கத்திரி நடுவே நூல் மாதிரி நின்றது. பிடுங்க வேண்டியதுதானே என்பாய். நெல்லைக் களையென்று பிடுங்க எனக்குக் கை வருமா? தினமும் தண்ணீர் வேறு ஊற்றினேன்.

வீடியோ காலில் பார்த்துவிட்டு மகள் கத்தினாள். “உங்களுக்கு நெல்லு வேணுமா, அம்மா கத்திரி வேணுமா? மொதல்ல புடுங்குங்கப்பா!”

பிடுங்கினேன். குப்பையில் போட மனசில்லாமல் வாய்க்கால் ஓரம் நட்டுவிட்டு வந்தேன், சிரிக்காதே. அதற்குள் கத்திரியில் பாதிக்கு மேல் வெளுத்துச் செத்துவிட்டது. மிச்சம் பதினோரு செடி. ஐப்பசியில் தண்ணீர் ஏறியபோது குடையோடு பாத்தி பக்கத்திலேயே நின்றேன். வேர் வரைக்கும் வரவில்லை.

இப்போது காய்த்திருக்கிறது. முதல் காயை யாரையும் தொடவிடவில்லை. மஞ்சளாகப் பழுக்கட்டும், விதைக்கு.

இத்தனை நாளாக, என்னையும் அழைத்துக்கொள் என்று உன் படத்துக்கு முன்னால் நின்று நச்சரித்தேன். இனி கேட்க மாட்டேன். அடுத்த பாத்திக்காக நேற்று ஆறு கட்டு வாங்கிக் கொல்லையில் போட்டிருக்கிறேன். அது மண்ணாக ஒரு வருடம் ஆகும். அதுவரை நான் இங்கே இருப்பேன், வசந்தா.

உன் வீட்டுக்காரன்