மாலதி அண்ணியோடு பஸ்ஸில் இருந்து இறங்கியவன் யார்?

என் அன்பான மாலதி அண்ணி,

உங்கள் மகள் யாழினி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். தினமும் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். நீங்கள் பின்னுவது போல வரவில்லை என்று காலையிலேயே சண்டை. உங்களிடம் சொல்வதற்கு என்னிடம் உள்ள சாதாரணச் செய்தி இது ஒன்றுதான்.

திருவாண்டார்கோயில் கம்பெனியில் வேலை முடித்து பஸ்ஸில் கிளம்பிய நீங்கள் அன்றைக்கு வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கரும்புக் கொல்லையில் உங்களைக் கண்டெடுத்தார்கள். கழுத்தை நெரித்தவன் யார் என்பது மூன்று வருடமாகியும் தெரியவில்லை. அண்ணனைப் போலீஸ் விசாரித்து அனுப்பிவிட்டது. ஊர் அனுப்பவில்லை. புருஷன்தான் செய்திருப்பான் என்று பேசிப் பேசியே அவரை வீட்டுக்குள் முடக்கிவிட்டார்கள்.

ஒரு நாள் யாழினி பள்ளிவிட்டு வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "அத்த, அப்பாதான் அம்மாவ கொன்னுச்சா? கிளாஸ்ல சொல்றாங்க."

அதன்பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உங்கள் படம், அந்தத் தேதி, நம் வீட்டு விலாசம் எல்லாம் போட்டு, 'இவரைக் கொன்றவன் இன்னும் பிடிபடவில்லை. அன்று மாலை இவரைப் பார்த்தீர்களா?' என்று நோட்டீஸ் அடித்தேன். அண்ணன் பதறிப்போனார்.

"இன்னாடி பண்ற நீ? ஆறுன புண்ண கிளறாத. மறுபடியும் எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டும். நீயா இருந்தாலும் வெளிய வரட்டும்ணா."

அதற்குப் பின் பல நாள் அவர் என்னிடம் பேசவில்லை. அந்த வார்த்தையை வேறு எப்படித்தான் சொல்லியிருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

வில்லியனூர் கடைத்தெருவிலும் பஸ் நிறுத்தங்களிலும் நின்று கொடுத்தேன். "இன்னாம்மா, சீட்டு கம்பெனியா?" என்று கேட்டு ஒருவர் கசக்கிப் போட்டார். சிலர் படித்துவிட்டு, "இன்னுமா புடிக்கல?" என்று நின்றார்கள். கை நீட்டிய ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்தேன். உங்களைக் கொன்றவனும் என்னிடமே ஒன்று வாங்கிக்கொண்டு போயிருப்பானோ? இன்றைக்கும் அந்த நினைப்பு விடமாட்டேன் என்கிறது.

போன வாரம் பாகூரிலிருந்து ஓர் அம்மா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். அன்றைக்கு அதே பஸ்ஸில் வந்தவராம்.

"எனக்கு எழுந்து சீட்டு குடுத்துச்சும்மா இந்தப் பொண்ணு. இது எறங்குறப்ப பின்னாடியே ஒருத்தன் எறங்குனான். கம்பெனி சட்ட போட்டிருந்தான். இது திரும்பிப் பாத்து அவன திட்டுச்சு. அதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்."

"இத ஏம்மா அப்பவே சொல்லல?"

"செத்தது இந்தப் பொண்ணுன்னே இந்தப் படத்த பாத்துதாம்மா தெரியும். என்ன யாரு வந்து கேட்டாங்க?"

அறைக்குள் இருந்த அண்ணனைக் கூப்பிட்டேன். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இவரு இல்ல" என்றார். அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "உங்ககிட்ட எதுனா பேசுனாளா?" என்று மட்டும் கேட்டார்.

"பொண்ணுக்கு பரீட்ச, நான் போயி சொல்லிக் குடுக்கணும்னு சொல்லிச்சுப்பா."

அண்ணி, நீங்கள் போன நாளில்கூட அழாத மனுஷன் அப்போதுதான் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்.

அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு மூவருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். கம்பெனியில் மறுபடியும் விசாரிப்பதாகச் சொல்கிறார்கள். செய்வார்களா? தெரியவில்லை. அந்தச் சட்டையை ரோட்டில் எங்கே கண்டாலும், போட்டிருப்பவன் முகத்தை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

இன்று காலை நான் நோட்டீஸ் கட்டை எடுத்தபோது அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் நேராகப் போய் முதல் ஆளிடம் நோட்டீஸை நீட்டினார்.

"நான்தான் இவ புருஷன். படிச்சிப் பாருங்க. எதுனா தெரிஞ்சா சொல்லுங்க."

அவன் யாரென்று தெரிகிறவரைக்கும் நாங்கள் ஓயமாட்டோம், அண்ணி. கோர்ட்டில் அவன் பெயரைச் சொல்லும் நாளில் யாழினியை என் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்குத் தலை பின்னும் நாத்தனார்,
பரிமளா