முழுத் திருப்தி

2023 ஜூலை 8
இரண்டு நாடு, இரண்டு சட்ட முதுகலைப் பட்டம், ஒரே ஆய்வேடு. முதல் வருஷம் பெங்களூரு, அடுத்தது ஹாலந்து. அப்பா மூக்கண்டப்பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு சாந்தம்மா மட்டும் அசரவில்லை. “தெனமும் அத்திப்பள்ளி பார்டரத் தாண்டறதே வேற நாட்டுக்குப் போற மாதிரிதான் இருக்குது. அவ்ளோ டிராபிக்கு.”

நவம்பர் 3
தலைப்பு: ஒப்பந்தத் தொழிலாளர் உரிமைகள். எதற்கு வெளியே அலைய வேண்டும்? ஃபேக்டரிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் வீட்டிலேயே இருக்கிறார். “எத்தன பேரு வேணும் ஜெசி? காலைல அனுப்பறேன்” என்றார் அப்பா. கம்பெனிக்காரர்களிடமும் இதே குரலில்தான் பேசுவார்.

நவம்பர் 12
நாற்பது பேரும் குளித்து, தலைவாரி வந்தார்கள். இ.எஸ்.ஐ. கார்டு? “இருக்குதுங்க மேடம்.” ஓவர்டைம் பணம்? “கேக்காமயே குடுத்துடறாங்க.” கேட்காமலேயே! எல்லோருக்கும் ஒரே வாய். பின்னால் அப்பாவின் சூப்பர்வைசர் பிரதாப் தலையாட்டிக்கொண்டு நின்றான்.

கடைசியாக மாதேஸ்வரி அக்கா, அஞ்செட்டிக்காரர். கார்டு இருக்கா என்று கேட்டதும் சிரித்தார். “நீ அவரு பொண்ணு. உனக்குத் தெரியாததா பாப்பா?”

தெரியும். ‘உண்டு, முழுத் திருப்தி’ என்று எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 20
சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருவது எவ்வளவு பெரிய தவறு என்று இன்று வகுப்பு. நோட்ஸ் நன்றாக எடுத்தேன்.

2025 ஜூன் 26, ஹாலந்து
ஆய்வேட்டுக்கு மிக உயர்ந்த மதிப்பெண். அப்பாவின் நிறுவனம் ‘வளரும் நாடுகளுக்கு முன்மாதிரி’யாம். பேராசிரியர் சொன்னதை அப்பா விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துவிட்டார்.

ஜூலை 14
தம்பி எபினேசர் போன் செய்தான். மூன்று மாதம் முன்பே பிரஸ் மெஷினில் மாதேஸ்வரி அக்காவுக்கு மூன்று விரல் போய்விட்டதாம். கார்டு இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு அவர் தலையில். நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்கிறார். “கார்டு இருந்துச்சுன்னு காட்ட அப்பா உன் தீசிஸைத்தான் குடுத்திருக்காரு. ரெண்டு நாட்டு யுனிவர்சிட்டி ஒத்துக்கிட்டதாம்.”

பேரை மறைச்சேன். வயசு, ஊரு, கம்பெனி எல்லாம் போட்டேன், ஆளைக் கண்டுபிடிக்க அது போதும். என்னா அறிவு எனக்கு! அந்தக்கா அன்னைக்கே சொல்லுச்சே. காதுல விழலையா? விழுந்துச்சு. நல்லாவே விழுந்துச்சு. ச்சீ.

ஜூலை 15
பேட்டிகள் பொய், ஆய்வேட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். ஒரே ஆய்வேட்டில் இரண்டு பட்டம் என்பது அப்போது லாபமாகத் தெரிந்தது; போகும்போதும் இரண்டும் சேர்ந்தே போகும். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “உன்னப் படிக்க வெச்சது யாரு?” என்றார், வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, ஊரில்
மனு விசாரணை. மாதேஸ்வரி அக்கா தரப்புச் சாட்சி நான். எதிரே அப்பா, செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் எழுந்தார். “உங்க படிப்பு என்னம்மா?”

“பி.எல்.” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”