இஸ்ரவேல் அண்ணாச்சி ஃபைல்

களக்காடு,
3.2.2025

அன்பு மகன் மகேஸ்வரனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உங்கம்மாவும் சௌக்கியம். வாழை குலை தள்ளிவிட்டது, கம்பு ஊன்ற ஆள் கிடைக்கவில்லை. நான் போகலாம் என்றால், ‘வயித்துப்புண்ண வச்சிக்கிட்டு வெயில்ல நிக்காதிய’ என்று உங்கம்மா வாசலை மறிக்கிறாள்.

ஒரு காரியம். வாழைக்காய்க் கடை இஸ்ரவேல் அண்ணாச்சிக்கு ஈரலில் கட்டி. பாளையங்கோட்டையில் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. டாக்டர் நின்று பேசுவதில்லை. ரத்த ரிப்போர்ட்டில் நார்மல் என்றும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஸ்டேபிள் என்றும் போட்டிருக்கிறது. ரெண்டும் ஒண்ணுதானே என்று அண்ணாச்சி கேக்குதாரு. போனில் கேட்டால் நீ கத்துவது தெருவுக்கே கேட்கும். அடுத்தவர் நோவு, அதனால்தான் கடுதாசி.

உன் அப்பா,
சுடலைக்கண்ணு


தஹேஜ், குஜராத்,
11.2.2025

அப்பாவுக்கு,

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்க எட்டு நாள் தபாலா?

ரெண்டும் ஒன்று இல்லை. நார்மல் என்றால் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. ஸ்டேபிள் என்றால் போன தடவை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இங்கே பிளாண்டில் பிரஷர் மீட்டர் முள் நாற்பதில் நிற்க வேண்டும். அது தொண்ணூறில் ஆடாமல் நின்றாலும் ஸ்டேபிள்தான். அதைப் பார்த்து எவனும் கைதட்ட மாட்டான். அண்ணாச்சிக்குக் கட்டி வளரவில்லை, கரையவும் இல்லை. அவ்வளவுதான்.

வயித்துப்புண்ணுக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

மகேஸ்வரன்


களக்காடு,
20.2.2025

அன்பு மகனுக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. நல்லா விளங்கிச்சு. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

இப்போது வேறொன்று கேட்கிறார். ஃபைலின் முதல் தாளில் பேலியேட்டிவ் என்று இருக்கிறதாம். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் தாளில் கியூரேட்டிவ் என்று இருக்கிறதாம். ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதான், ஒரே நர்ஸ்தான். இதில் என்ன வித்தியாசம்? ஆறு ஊசி முடிந்துவிட்டது. போட்டால் நாலு நாள் வாந்தி. சோத்து வாடையே ஆகவில்லை. மேற்கொண்டு போகணுமா வேண்டாமா, நீயே ஒரு முடிவு சொல்லு என்கிறார். படிச்ச பிள்ளை மழுப்பாமல் சொல்லும் என்று நம்புகிறார்.

அப்பா


தஹேஜ்,
27.2.2025

அப்பாவுக்கு,

கியூரேட்டிவ் என்றால் குணப்படுத்துவதற்கான வைத்தியம். பேலியேட்டிவ் என்றால் குணமாகாது என்று தெரிந்தே செய்கிற வைத்தியம். ஊசி ஒன்றாக இருக்கலாம், நோக்கம் வேறு.

அண்ணாச்சியிடம் நேராகச் சொல்லுங்கள். குணமாகாத ஒன்றுக்கு வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அலைய வேண்டாம். நான் அவர் இடத்தில் இருந்தால் நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை தொடங்கிவிட்டது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி வரை கேட்டைத் தாண்ட முடியாது. இனி இந்த மாதிரிக் கேள்விகளை அவரையே போனில் கேட்கச் சொல்லுங்கள்.

மகேஸ்வரன்


தஹேஜ்,
9.3.2025

அப்பா,

நேற்று நானே இஸ்ரவேல் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நீங்கள் சுற்றிவளைத்துச் சொல்லியிருப்பீர்கள், நானே சொல்லிவிடலாம் என்று. ‘எனக்கு என்னலே நோவு? ரெண்டு குலைய ஒத்தையாத் தூக்குதேன். உங்கப்பாவத்தாம்லே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்றார். பிறகு, ‘சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாவ’ என்றார்.

உடனே உங்களுக்கு அடித்தேன். ‘நல்லாருக்கேம்லே’ என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா குலை எண்ணிக்கை சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன கடிதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது வேறு ஆளுக்கு எழுதியது. ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்த ஊசி குணப்படுத்தாது. ஆனால் வலியைக் குறைக்கலாம், நாளைக் கொஞ்சம் நீட்டலாம். அதுவும் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. எனக்குத் தெரியும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அடுத்த ஊசிக்குப் போங்கள். லீவு கேட்டேன், தரவில்லை. சண்டை போட்டும் பார்த்தேன்.

மகேஸ்வரன்


களக்காடு,
17.3.2025

அன்பு மகனுக்கு,

அப்பனுக்கு என்று தெரிந்தால் நீயும் நர்ஸ் மாதிரி மழுப்பித்தான் பேசியிருப்பாய். அதனால்தான் அண்ணாச்சி பேரைச் சொன்னேன். கோவப்படாதே.

ஊசிக்குப் போங்கள் என்று நீ எழுதின கடுதாசி வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். நீ சொல்லித்தான் என்று நினைக்காதே. பாதி மனசு ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. டாக்டரிடம் போதும் என்றேன். அவர் திட்டினார். அவர் பேச்சைக் கேளாமல் போவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வலிக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். மறுபடி வா என்றுதான் சொன்னார். கால் போகமாட்டேன் என்கிறது.

அந்தத் தாளின் தலைப்பில் டிஸ்சார்ஜ் என்று இருக்கிறது. உங்கம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பாக்கியவதியிடம், ‘அவுகளுக்கு வயித்துப்புண்ணு ஆறிட்டுக்கா, டிஸ்சார்ஜ் பண்ணிட்டாவ’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறாளாம். பித்தளைப் பானையை வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கிறாள்.

உன்னிடம் கேட்பாள். நீதான் வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொல்கிறவன் ஆயிற்றே. பொங்கல் முடியட்டும், பைய நானே சொல்லுதேன்.

அப்பா


தஹேஜ்,
25.3.2025

அப்பா,

உங்கள் கடிதம் ஸ்பீட் போஸ்டில் வியாழக்கிழமையே கிடைத்தது, இதையும் அப்படியே அனுப்புகிறேன். இருபத்தொன்பதாம் தேதி சூரத்தில் ரயில் ஏறுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா போன் பண்ணினாள். பானை பொங்கின சத்தத்தைப் போனில் கேட்கவைத்தாள். பிறகு, ‘ஏலே, டிஸ்சார்ஜ்னா நோவு போயிட்டுன்னுதானல அர்த்தம்? இந்தப் பாக்கியவதி என்னமோ இழுக்கா’ என்று கேட்டாள்.

ஆமாம்மா, அதுதான் அர்த்தம் என்று சொன்னேன்.

மகேஸ்வரன்